வன்னியில ரெண்டு கடல் இருக்கு: முதல்தரம் வாறாக்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின்ர வடக்கில, யாழ்ப்பாணத்துக்குத் தெற்கால கிடக்கிற வன்னி எண்டா கனபேருக்கு காடும் குளமும் வயலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஏ9 ரோட்டால யாழ்ப்பாணம் போகேக்க பஸ் யன்னலால பார்த்ததோட சரி. கடலுக்கு எண்டு வெளிக்கிட்டா திருகோணமலை, பாசிக்குடா, இல்லாட்டி தெற்குப் பக்கம். ஆனா வன்னிக்கு ரெண்டு பக்கமும் கடல். மேற்கால பூநகரியில தொடங்கி விடத்தல்தீவு, மன்னார், அங்கால அரிப்பு, சிலாவத்துறை மட்டும் ஒரு கரை. கிழக்கால சுண்டிக்குளம், முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு, கொக்கிளாய் எண்டு இன்னொரு கரை. ரெண்டும் ஒண்டுக்கொண்டு சம்பந்தமே இல்லாத கடல், அதைத்தான் வாற ஆக்கள் விளங்கிக்கொள்ளுறதில்லை, ஒரு போட்டோவைப் பார்த்திட்டு பிழையான மாசத்தில பிழையான கரைக்கு வந்து நிண்டுகொண்டு "என்ன இப்பிடிக் கிடக்கு" எண்டு கேக்கிறது.

முதல்ல காத்தைப் பாருங்கோ, பிறகு லீவைப் போடுங்கோ

ஐப்பசியில இருந்து மார்கழி, தை மட்டும் வாடைக்காத்து, வடகிழக்கால வாறது. கிழக்குக் கரையில அந்த நேரம் கடல் கொந்தளிக்கும், மழையும் அந்தக் காலத்தில தான் ஊத்தும், நந்திக்கடல், நாயாறு எண்ட களப்புகளெல்லாம் (கடலோரத்து உப்புநீர் ஏரியள்) நிரம்பி ரோட்டுக்கு மேலால தண்ணி ஓடும். கார்த்திகை மார்கழியில முல்லைத்தீவுப் பக்கம் வாறதெண்டா ரோட்டும் பாலமும் எப்பிடி எண்டு முதல்நாளே அங்க ஆரிட்டையும் விசாரிச்சிட்டு வெளிக்கிடுங்கோ, கூகிள் மப் இதைச் சொல்லாது. வைகாசிக்குப் பிறகு ஆவணி புரட்டாசி மட்டும் சோளகம், தென்மேற்குக் காத்து. அப்ப மன்னார்ப் பக்கம் காத்து மனிசரைத் தள்ளிக்கொண்டு போகும், மணல் கண்ணுக்கை அடிக்கும், தாழ்வுபாட்டுப் பக்கத்துக் கரண்ட் எடுக்கிற காத்தாடிகள் சும்மா ஒண்டும் அங்க நடேல்லை (30 நிக்குது, 103.5 மெகாவாட் எண்டு கணக்கு, 2020 கடைசியில திறந்தது). அதே சோளக காலத்தில முல்லைத்தீவுக் கடல் குளம் மாதிரி அமந்து கிடக்கும், ஆனா வெய்யில் மண்டையைப் பிளக்கும்.

ரெண்டு கரையையும் ஒரே பயணத்தில பார்க்கோணும் எண்டா மாசி கடைசியில இருந்து சித்திரை மட்டும். வயலெல்லாம் வெட்டி முடிஞ்சிருக்கும், மன்னார்ப் பக்கம் பறவையளும் முழுக்கத் திரும்பிப் போயிருக்காது. பறவைக்காகவே வாறதெண்டா இன்னும் கொஞ்சம் முன்னம், தை மாசி. கோயிலுக்கு வாறதெண்டா கணக்கு வேற, திருக்கேதீச்சரத்துக்கு மாசிச் சிவராத்திரி, வற்றாப்பளைக்கு வைகாசிப் பொங்கல், ரெண்டும் சனம் திரளுற நாள், மற்ற நாளில மாதிரி சனம் குறைஞ்ச கரையா அந்த ரெண்டு நாளும் இராது.

எங்க தங்கிறது, எதில போறது

மேற்குக்கு மன்னார் ரவுண், கிழக்குக்கு முல்லைத்தீவு ரவுண் இல்லாட்டி புதுக்குடியிருப்பு. இவ்வளவும்தான் தெரிவு. மன்னாரில ரூம் வசதி நல்லா வந்திட்டுது, முல்லைத்தீவில குறைவு, அதால முன்னமே போன் பண்ணிச் சொல்லி வையுங்கோ. ரெண்டுக்கும் நடுவில நிக்கோணும் எண்டா வவுனியாவில தங்கலாம், ஆனா விடியக்காலமைக் கடலை விட்டிடுவீங்க, அப்பிடியெண்டா வாறதில அரைவாசி வீண்.

கொழும்பில இருந்து மன்னாருக்கு ரயில் இருக்கு, தலைமன்னார் இறங்குதுறை மட்டும் போற லைன். போரால கனகாலம் நிண்டு 2015 பங்குனியில தான் கடைசிவரைக்கும் திரும்ப ஓடத் தொடங்கினது. இடைக்கிடை திருத்த வேலை எண்டு நிப்பாட்டுவினம், நேர அட்டவணையை வெளிக்கிடுறதுக்கு முதல் பாருங்கோ. வவுனியாவில இருந்து மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் சிரிபி எண்ட அரசாங்க பஸ்ஸும் ஓடுது பிரைவேட்டும் ஓடுது. முல்லைத்தீவுக்கு ஏ9 இல மாங்குளத்தில திரும்பினா ஒட்டுசுட்டானால 50 கிலோமீட்டரளவு, பரந்தனில திரும்பினாலும் கிட்டத்தட்ட அதேயளவுதான், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலத்தால வரும். யாழ்ப்பாணத்தில இருந்து மன்னாருக்கு எண்டா சங்குப்பிட்டிப் பாலத்தால, ஏ32 ரோட்டு. 2011 தையில அந்தப் பாலம் திறக்க முதல் பாதை எண்டு சொல்லுற மிதவையில ஏறித்தான் கடக்கோணும்.

பஸ்ஸை மட்டும் நம்பி வந்தா ரவுணுக்கு ரவுண் போகலாம், கரைக்குக் கரை போகேலாது. மோட்டச்சைக்கிள் தான் இதுக்குச் சரியான சாமான். ரவுணில வாடகைக்கு எடுக்கலாம், இல்லாட்டி ஒரு ஓட்டோக்கார அண்ணையோட நாள் கணக்கில பேசி எடுங்கோ, எந்த இடமெல்லாம் எண்டு முதலே சொல்லி விலையைப் பேசுங்கோ, இடையில "அங்கால ஒருக்காப் போவமோ" எண்டா விலை மாறும், அது ஞாயம்தானே.

மேற்குக் கரை: துறைமுகம் தேடி வாறாக்களுக்கு

யாழ்ப்பாணப் பக்கமா வாறீங்கள் எண்டா பூநகரியில இறங்குங்கோ. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பிச்ச சின்னக் கோட்டை ஒண்டு, இப்ப இடிஞ்ச சுவர்தான், கால்மணித்தியாலம் போதும். நேரம் இருந்தா கௌதாரிமுனைக்குப் போங்கோ, மணல் திட்டி திட்டியா கிடக்கும், அங்க மண்ணித்தலையில பழைய சிவன் கோயில் ஒண்டு இடிஞ்ச நிலையில நிக்குது. மணல் ரோட்டு, காரில போற ஆக்கள் ரயர் புதைஞ்சா இழுக்க ஆளில்லை எண்டதை யோசிச்சுப் போகோணும்.

பூநகரியில இருந்து மன்னார் மட்டும் ஏ32 கரையோடயே போகுது எண்டாலும் கடல் பெருசாத் தெரியாது, கண்டல் காடும் சேத்துக் கடலும் தான். குளிக்கிற கடலில்லை. பாக்கு நீரிணைப் பக்கம் எப்பவும் இப்பிடித்தான், தண்ணி ஆழமில்லை, அலையில்லை, நண்டும் இறாலும் தான் அதின்ர செல்வம். ஆரும் விடத்தல்தீவில பீச் எங்க எண்டு கேட்டா சனம் சிரிக்கும்.

மன்னாருக்குக் கிட்ட வரேக்க திருக்கேதீச்சரம். மன்னார் ரவுணில இருந்து வாறாக்கள் பாலம் தாண்டி தள்ளாடிச் சந்தியில திரும்போணும், பத்துக் கிலோமீட்டரளவு. சம்பந்தரும் சுந்தரரும் பாடின தலம், ஈழத்தில பாடல்பெற்ற தலம் இதுவும் கோணேச்சரமும் தான். சுந்தரர் இந்த ஊரைப் பாடேக்க கப்பல் மலிஞ்ச கடல் எண்டு தான் பாடுறார், இப்ப கோயில் வாசலில நிண்டு பார்த்தா கப்பலும் இல்லை கடலும் கண்ணில படாது, ஆனா அது புலவரின்ர கற்பனை இல்லை. நீங்க நிக்கிற இடம்தான் மாதோட்டம், மாந்தை, அனுராதபுர ராச்சியத்தின்ர பெரிய துறைமுகம். 1980களில ஜோன் கார்ஸ்வெல் எண்ட ஆய்வாளரின்ர குழு இஞ்ச கிண்டினது, சீனப் பாண்டமும் மேற்காசியப் பாண்டமும் மணியும் கண்ணாடியும் ஒரே மண்ணுக்குள்ள இருந்து வந்தது. கிழக்கால வாற கப்பலும் மேற்கால வாற கப்பலும் சரக்கு மாத்தின இடம்.

அந்தப் பழைய மேட்டில நடக்கேக்க காலடியில ஓட்டுத்துண்டுகள் தட்டுப்படும். பாருங்கோ, குனிஞ்சு போட்டோ எடுங்கோ, பொக்கற்றுக்குள்ள வைக்காதேங்கோ. தொல்பொருள் சட்டப்படி அது குற்றம். சட்டம் கிடக்கட்டும், ஆளுக்கொரு துண்டு எடுத்தா அடுத்தவன் வந்து என்னத்தைப் பார்க்கிறது?

கோயிலுக்குள்ள ஆம்பிளையள் சேட்டைக் கழட்டோணும், வேட்டி ஒண்டு பையில கிடந்தா நல்லம். பாலாவித் தீர்த்தத்தில காலைக் கழுவிப்போட்டுப் போங்கோ. சிவராத்திரி அண்டைக்கு சனம் பாலாவியில முழுகி ஈரத்துணியோட குடத்தில தீர்த்தம் எடுத்துக்கொண்டு வந்து மகாலிங்கத்துக்கு தங்கட கையாலயே ஊத்தும், ஐயர்மாரிட்டக் குடுத்துக் காத்துநிக்கிற கதை இல்லை. மத்தியானம் நடை சாத்திடுவினம், அதால விடிய வாங்கோ இல்லாட்டிப் பின்னேரம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடிச்சிட்டினம், அந்தக் கல்லு மன்னார்க் கோட்டைக்குப் போனது எண்டு சொல்லுறது. 1872இல ஆறுமுக நாவலர் இந்தக் கோயிலைத் திரும்பக் கட்டோணும் எண்டு கேட்டவர், இப்ப நிக்கிற கருங்கல் திருப்பணிக்கு 2022 ஆடியில கும்பாபிஷேகம் நடந்தது.

அங்கயிருந்து நேர மன்னார்க் கோட்டைக்குப் போங்கோ, இந்த ஒழுங்கில பார்த்தாத்தான் கதை விளங்கும். 1560இல போர்த்துக்கேயர், 1658இல ஒல்லாந்தர், 1795இல வெள்ளைக்காரன். பாலத்தடியில கடலைப் பார்த்துக்கொண்டு கிடக்கு. கோட்டைக்குப் பிறகு பள்ளிமுனைப் பெருக்கமரம், இங்கிலீசில பாவோபாப். அடிமரச் சுத்தளவு 19 மீற்றருக்கு மேல, அரபு வியாபாரிகள் ஆபிரிக்காவில இருந்து கொண்டுவந்தது எண்டு கதை. மரத்தைப் பார்க்கப் பத்து நிமிசம், மரத்தடியில நிண்டு மேய்ஞ்சுகொண்டிருக்கிற கழுதையளைப் பார்க்க இன்னொரு பத்து நிமிசம். குளிக்கோணும் எண்டா கீரிக் கடற்கரை, பிள்ளையளோட வாறாக்களுக்கு அதுதான் நல்லம், கனதூரத்துக்கு ஆழமில்லை.

தலைமன்னார் இன்னும் 30 கிலோமீட்டருக்குக் கிட்ட. 1914இல தொடங்கின ரயிலும் கப்பலும் சேர்ந்த பாதை இது, கொழும்பில ரிக்கற் எடுத்து சென்னை மட்டும் போகலாம், ஒரு காலத்தில. 1964 மார்கழிப் புயல் அக்கரையில தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போனது, பிறகு ராமேஸ்வரத்துக்கு ஓடின கப்பலும் 1984இல நிண்டிட்டுது. பழைய இறங்குதுறையும் வெளிச்சவீடும் இன்னும் நிக்குது. ஊருமலைப் பக்கம் போனா ராமர் அணை மணல்தீடைகள் தொடங்குற இடம். தீடைக்குப் போறதுக்கு ஒரு படகுக்காரரைப் பிடிச்சு சும்மா ஏறேலாது, அது தேசியப் பூங்கா, அங்கால எல்லைக்கடல், உரிய அனுமதியோடதான் போகலாம். ஆரும் "நான் களவாக் கொண்டுபோய்க் காட்டுறன்" எண்டா கும்பிட்டுப்போட்டுத் திரும்புங்கோ, பிடிபட்டா நீங்க வீட்டை போயிடுவீங்க, அவரின்ர படகு போயிடும்.

ரவுணுக்குத் திரும்பினாப் பிறகு பாலத்தடிக்குப் போய் ரெண்டு பக்கமும் பூநாரை நிக்குதோ எண்டு பாருங்கோ. வங்காலைச் சரணாலயம் 2010இல இருந்து ராம்சார் தலம், அதாவது உலகளவில முக்கியமான ஈரநிலம். காரை நிப்பாட்டி ஹோனடிச்சுப் பறக்கவிட்டு வீடியோ எடுக்கிறாக்களைக் கண்டா எனக்கு விசர் வரும். எங்கயோ வடக்கில இருந்து பறந்து வந்து தின்னுற குருவியளையும் ஒரு கும்பிடு போட்டு விடுங்கோவன்.

அரிப்புக்கு ஒரு பின்னேரம் ஒதுக்குங்கோ. மன்னாரில இருந்து சிலாவத்துறை பஸ் இருக்கு, மோட்டச்சைக்கிள் இன்னும் வசதி. ஊர்ச்சனம் அல்லிராணி கோட்டை எண்டு சொல்லுற கட்டிடம், ஆனா ராணியும் இல்லை கோட்டையும் இல்லை, இலங்கையின்ர முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்கிறதுக்கு 1801க்கும் 1804க்கும் இடையில கட்டுவிச்ச மாளிகை. கிட்டப் போய்ப் பாருங்கோ. தூரத்தில இருந்து கல்லுத் தூண் மாதிரி நிக்கும், கிட்டப் போனா உள்ளுக்கை செங்கல், மேல சுண்ணாம்புப் பூச்சு, பூச்சு உரிஞ்ச இடத்தில செங்கல்லைக் கடல்காத்து அரிச்சு சாந்து மட்டும் வரிவரியா வெளிய தள்ளிக்கொண்டு நிக்குது. கட்டிடம் நிக்கிற செம்மண் கரையையும் கடல் கீழால தின்னுது, இடிஞ்ச துண்டுகள் கீழ மணலில கிடக்கு. அதால விளிம்புக்குப் போகாதேங்கோ, சுவரில ஏறாதேங்கோ, செல்பிக்காக ஏறுற சனம் கனக்க. கிட்டடியில தான் அரிப்புக் கோட்டையும், கண்டி அரசனிட்ட கிட்டத்தட்ட இருபது வருசம் பிடிபட்டுக் கிடந்த ரொபேர்ட் நொக்ஸ் எண்ட ஆங்கிலேயர் 1679இல தப்பி வந்து சேர்ந்த இடம் அது, காட்டுக்கால அருவியாத்தோரமா நடந்து வந்தவர்.

கிழக்குக் கரை: இஞ்ச கொஞ்சம் ஆறுதலா

மாங்குளத்தால வாறீங்கள் எண்டா ஒட்டுசுட்டானில தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டிட்டு வரலாம். அதுக்குக் கிட்டத்தான் கற்சிலைமடு. 1803 ஆவணியில முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச வன்னி அரசன் பண்டாரவன்னியனை அதே வருசம் ஒக்ரோபர் 31 இந்தப் பக்கம் வைச்சுத் தோற்கடிச்சதா கப்ரின் ட்ரிபேர்க்கின்ர பேரில வெள்ளைக்காரன் கல்லு நட்டவன். கோட்டையைத் தேடி முல்லைத்தீவுக்கு வந்தா ஏமாந்துபோவீங்க, பார்க்கிறதுக்கு எண்டு ஒண்டும் மிஞ்சேல்லை. போரும் 2004 சுனாமியும் போன ரவுண் இது, இப்ப நீங்க பார்க்கிறது கனக்க அதுக்குப் பிறகு கட்டினது.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் நந்திக்கடல் கரையில இருக்கு. மாடு மேய்ச்ச பிள்ளையளிட்ட ஒரு கிழவி வந்து விளக்கேத்தச் சொன்னதாம், எண்ணெய் இல்லை எண்டதுக்கு கடல்தண்ணியை விட்டு எரியுங்கோ எண்டதாம், எரிஞ்சுதாம், பிறகு பேன் பார்க்கச் சொல்ல தலையை விலக்கிப் பார்த்தா தலை முழுக்கக் கண். இண்டைக்கும் பொங்கலுக்கு சிலாவத்தை தீர்த்தக்கரையில கடல்தண்ணி எடுத்து முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில வைச்சு அதிலதான் விளக்கு எரிக்கிறது. வைகாசிப் பூரணையை ஒட்டி வாற திங்கள்கிழமை பொங்கல், வடக்கு முழுக்க அங்கதான் நிக்கும், காவடியும் பாற்செம்பும். அந்த நாள் வாறதெண்டா ரூம் கிடைக்கும் எண்டு நம்பாதேங்கோ, சனத்தோட சனமா கோயில் வெளியில பாயை விரிச்சுப் படுக்கிறதுதான் வழக்கம்.

வட்டுவாகல் பாலத்துக்கு அங்கால முள்ளிவாய்க்கால். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையில ஒடுங்கின மணல் நிலம், போரின்ர கடைசியில, 2009 மே மட்டும் சனம் அடைபட்டுக் கிடந்த இடம். இதைச் சுற்றுலா இடம் எண்டு நான் சொல்லமாட்டன், ஆனா அந்த ரோட்டால போற நீங்க தெரியாம போகவும் கூடாது. நிப்பாட்டி நிண்டு கும்பிட்டிட்டுப் போகலாம். பாட்டை நிப்பாட்டுங்கோ, ட்ரோன் பறக்கவிடாதேங்கோ, அங்க இருக்கிற ஆக்களிட்ட "அந்த நேரம் எப்பிடி இருந்தது" எண்டு கேக்காதேங்கோ. அவையாச் சொன்னா இருந்து கேளுங்கோ. நினைவு நாளான மே 18 ஐ ஒட்டி வந்தா கஞ்சி குடுப்பினம், வாங்கிக் குடியுங்கோ.

இனிக் கடல். கரைவலை இழுக்கிற நேரம் விடிய, முல்லைத்தீவுக் கரையில இருந்து அளம்பில், செம்மலை, நாயாறு மட்டும் எங்கயாவது ஒரு வாடியடியில (மீன்பிடிகாரரின்ர கொட்டில்) போய் நில்லுங்கோ. படகு வலையை அரைவட்டமா வளைச்சுக்கொண்டு போய் விட்டிட்டு வந்திருக்கும், ரெண்டு கயிறு கரையில, ரெண்டு குழு. முதல்ல ரெண்டும் கனதூரம் தள்ளி நிக்கும், இழுக்க இழுக்கக் கிட்டக்கிட்ட நகர்ந்து வரும், கயித்தை ஒருத்தர் பின்னால வளையமா சுத்திக்கொண்டே போவார். சில இடத்தில இப்ப உழவு மிசின் பூட்டி இழுக்கினம், அதில ஒரு சத்தத்தைத் தவிர பார்க்க ஒண்டுமில்லை. கையால இழுக்கிற இடத்தில வலையின்ர மடி கரைக்குக் கிட்ட வரேக்க ஆக்கள் இடுப்பளவு தண்ணிக்கை இறங்கிடுவினம், காகமும் செம்பருந்தும் மேல வட்டமடிக்கத் தொடங்கும், மடி மணலில ஏறினவுடன சாளையும் நெத்தலியும் காரலும் அப்பிடியே மினுங்கிக்கொண்டு துடிக்கும். கேட்டுப்போட்டுக் கயித்தில கை வையுங்கோ, மாட்டன் எண்டு சொல்லமாட்டினம். கயித்தைத் தாண்டிக் குதிக்காதேங்கோ. மீன் வேணுமெண்டா கூறு போடேக்க வாங்கலாம், தங்கிற இடத்தில குடுத்தா சமைச்சுத் தருவினம், விடியப் பிடிச்ச சாளையை மத்தியானம் புட்டோட சாப்பிட்டா வேற ஒண்டும் தேவையில்லை.

குளிக்கிறதெண்டா கிழக்குக் கடலில கவனம். கரையில இருந்து கொஞ்சத் தூரத்திலயே ஆழம் இறங்கிடும், காக்கிற ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நாயாறு, கொக்கிளாய் முகத்துவாரங்களில, களப்பு கடலோட சேருற இடத்தில, இறங்கவே இறங்காதேங்கோ, மேலால அமைதியா இருக்கும், கீழால இழுக்கும். எங்க இறங்கலாம் எண்டதை வாடியில நிக்கிற அண்ணையிட்டக் கேளுங்கோ.

சுண்டிக்குளம் பறவைக்காக வாறாக்களுக்கு. 2015இல தேசியப் பூங்காவா ஆக்கினது. ரோட்டு மோசம், நிழலில்லை, கடையில்லை. ஊர் ஆள் ஒருத்தர் இல்லாமப் போகாதேங்கோ.

சொல்லாம விடேலாத சில விசயம்

மிதிவெடி. சிவப்புப் பலகையில மண்டையோடு கண்டா அங்கால ஒரு அடியும் வைக்கக்கூடாது. பலகை இல்லாத இடத்திலயும் சனம் நடக்கிற ஒற்றையடிப் பாதையை விட்டு பத்தைக்குள்ள இறங்காதேங்கோ, ஒண்டுக்குப் போறதெண்டாலும். மணலுக்குள்ள துருப்பிடிச்ச இரும்பு எதையும் கிண்டி எடுக்காதேங்கோ, பிள்ளையளோட வாறாக்கள் இதை வெளிக்கிட முதலே பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ.

யானை. ஒட்டுசுட்டான் ரோட்டிலயும் கொக்கிளாய் ரோட்டிலயும் பொழுதுபட்டா மோட்டச்சைக்கிளில ஓடாதேங்கோ. ஆறு மணிக்கு முதல் ரவுணுக்குள்ள வந்திடோணும்.

முகாம். கரையோரத்தில கடற்படை, ராணுவ முகாம் இன்னும் கனக்க இருக்கு, கமராவைத் தூக்க முதல் பின்னால என்ன தெரியுது எண்டு பாருங்கோ. அடையாள அட்டை கையில இருக்கோணும், வெளிநாட்டுக்காரர் பாஸ்போட் கொப்பியாவது வைச்சிருங்கோ.

உடுப்பு. இது மீன்பிடிக் கிராமம், கோயிலும் சேர்ச்சும் பள்ளிவாசலும் கரையோடயே இருக்கு. குளிக்கிற உடுப்போட ரோட்டுக்கு வராதேங்கோ, ஒரு சாரம் இல்லாட்டி துவாய் போதும். கரையில சாராயப் போத்தலோட இருக்கிறதை ஊரில ஒருத்தரும் விரும்பமாட்டினம், போத்தலை உடைச்சு மணலுக்கை போட்டா அதில வெறுங்காலோட நடக்கிறது கரைவலை இழுக்கிற ஆக்கள்.

சாப்பாடும் காசும்: ரவுணுக்கு வெளிய பாங்க் காட் ஒண்டும் வேலை செய்யாது, சில்லறைக் காசா வைச்சிருங்கோ. கொக்கிளாய்ப் பக்கம் போகேக்க பெற்றோலை முல்லைத்தீவிலயே அடியுங்கோ, தண்ணியும் ஆளுக்கு ரெண்டு போத்தலாவது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்கு முதல் கடைக்குப் போங்கோ, ரெண்டு மணிக்குப் போனா சோறு இருக்கும் மீன் இராது. வைகாசி ஆனி மாசம் வந்தா ரோட்டோரத்தில பாலைப்பழம் விப்பினம், வாங்குங்கோ, ஆனா ஒரேயடியா நிறையச் சாப்பிட்டா பால் உதட்டில ஒட்டும், தேங்காயெண்ணெய் பூசித்தான் எடுக்கோணும். பஸ்ஸில திரும்புற ஆக்கள் கொக்கிளாயில இறங்கேக்கயே கடைசி பஸ் எத்தினை மணிக்கு எண்டு கொண்டக்டரிட்டக் கேட்டு வையுங்கோ, அந்தப் பக்கம் பஸ் குறைவு, விட்டா பிறகு மீன் லொறிதான்.